சைகோன் பெட்டியில் ஆறு டின்

வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒருவர் சுங்கத்தீர்வை கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது இரண்டு லிட்டர். வியட்நாமில் பீர் டின் என்றால் 330 மில்லி. ஆறு டின் சேர்ந்தால் 1,980. மிச்சம் இருபது மில்லி, கோயில் தீர்த்தம் அளவு. ஆக, ஆளுக்கு ஆறு. எந்த ஆறு என்பதுதான் கேள்வி.

போன பங்குனியில் நாங்கள் நாலு பேர் போய்வந்தோம். நான், அயித்தான் (அத்தான்), சித்தப்பா மகன், தேவகோட்டைச் சிநேகிதர் ஒருவர். தலைக்கு ஆறாக இருபத்துநாலு டின் கொண்டுவந்து, கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் தோப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இப்போது பங்காளி வகையில் பதினோரு பேர் புறப்படுகிறார்கள். ஆளாளுக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். பதினோரு தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம். இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் இதைப் பயணக் கட்டுரையாக மட்டும் படிக்கவும்.

சைகோனிலிருந்து (இன்றைய ஹோ சி மின் நகரம்) சரக்கு வருவது எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் புதிதல்ல. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், சைகோனிலிருந்து வட்டிக்கடைப் பணம் என்று வந்து எழும்பியவைதான் இங்கிருக்கும் வீடுகள். என் ஐயாவும் (தாத்தா) 1960களில் சைகோன் கிட்டங்கியில், அதாவது நகரத்தார் தங்கித் தொழில் பார்த்த கட்டடத்தில், அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவர். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். அவர் கப்பலில் போன ஊருக்கு, 2023 நவம்பரிலிருந்து திருச்சியிலேயே விமானம் ஏறலாம் என்றாகிவிட்டது. நாங்கள் கிளம்பியதும் அப்படித்தான்.

நம் ஊரில் கடைக்காரர் கொடுப்பதுதான் பீர். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக்கிடம் இருப்பதால், காரைக்குடிக்கு ஒரு ருசி, கோவைக்கு ஒரு ருசி என்ற பேச்சுக்கே இடமில்லை. வியட்நாம் அப்படியில்லை. சைகோனிலிருந்து ஹனோய்க்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். அந்த நீளத்தில் ஊருக்கு ஊர் பீர் மாறுகிறது. நம்மிடம் திருநெல்வேலிக்கு அல்வா, மணப்பாறைக்கு முறுக்கு என்பதுபோல, ஹூயே நகரத்துக்காரர் முன் சைகோன் பீரைக் கேட்டால் முகம் சுருங்குகிறது. ஹைனெகன், டைகர் போன்ற பெரிய பெயர்களும் எங்கும் கிடைக்கும். அவை சிங்கப்பூரிலும் கிடைக்கும் என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஐந்து: 333, சைகோன் ஸ்பெஷல், லாரூ, ஹுடா, ஹனோய்.

முதலில் 333. சொல்வது ‘பா பா பா’. நம் நாக்குக்கு இவ்வளவு வசதியான பெயர் வேறில்லை. பாஷை தெரியாத எங்கள் சித்தப்பா மகன்கூட முதல் நாளே ஆர்டர் கொடுக்கத் தொடங்கிவிட்டான். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அமெரிக்கப் போர்க்காலத்திலும் இது வெறும் 33. பாட்டிலின் அளவு 33 சென்டிலிட்டர், அதுதான் பெயர். 1975க்குப் பிறகு ஆலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது, பெயரில் இன்னொரு 3 சேர்ந்தது. கூட்டினால் ஒன்பது, அங்கே அது ராசி எண். ஆல்கஹால் 5.3 சதவீதம்.

நம்மவர்களுக்கு இந்த எண் ஏமாற்றமாக இருக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் ஊர் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில் எட்டு சதவீதம் என்றால், உள்ளே இருக்கும் சாராயச் சத்து 52 மில்லி. ஒரு 333 டின்னில் பதினேழரை. மூன்று டின் குடித்தால்தான் ஒரு பாட்டிலுக்குச் சமம். பெயரில் மூன்று 3 இருப்பது இதற்குத்தானோ என்றார் தேவகோட்டைக்காரர். ‘ஏறுதா’ என்பதை மட்டும் வைத்துப் பீரை அளப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு டாஸ்மாக்குக்குப் போகலாம். பெட்டியில் எடையாவது மிஞ்சும்.

சைகோனில் காலையில் தண்டாயுதபாணி கோயில், சாயங்காலம் நடைபாதை. ஆச்சிகள் கவனிக்க: இரண்டுக்கும் நடுவே முழு ஒரு பகல் இருந்தது. தோன் தாத் தியெப் தெருவில் உள்ள அந்தக் கோயில் நகரத்தார் கட்டியது. உள்ளே நிற்கும்போது நம் ஊர்க் கோயிலில் நிற்பதாகவே தோன்றுகிறது, வாசலுக்கு வந்தால் மோட்டார் சைக்கிள் வெள்ளம். நடைபாதையில் நம் பாலர் பள்ளி அளவு பிளாஸ்டிக் முக்காலி. கிளாஸில் பெரிய ஐஸ் கட்டியைப் போட்டு, அதன் மேல் 333ஐ ஊற்றுகிறார்கள். “பீர்ல ஐஸா?” என்று அயித்தான் பதறினார். ரெண்டாவது கிளாஸில் பதற்றம் போய்விட்டது. அந்த வெக்கையில், நெற்றி வியர்வையோடு, அதைவிட நல்ல பீர் உலகத்தில் இல்லை என்று நாலு பேரும் சத்தியம் செய்யாத குறை.

சைகோன் ஸ்பெஷலும் அதே கம்பெனிப் பிள்ளை. 4.9 சதவீதம். வித்தியாசம் மூலப்பொருளில். வியட்நாம் பீர்களில் பெரும்பாலும் பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) அரிசியும் சேரும். அரிசி சேர்ந்தால் பீர் இலேசாகும், வறட்சியாக முடியும், விலையும் குறையும். ஸ்பெஷலில் அரிசி கிடையாது, முழுக்க மால்ட். பச்சை நிறக் குட்டைப் பாட்டிலில் வருவதால் உள்ளூர்க்காரர்கள் இதைக் ‘குள்ளன்’ என்ற பொருளில் ‘லுன்’ என்கிறார்கள். பாட்டிலாக வாங்காதீர்கள். பச்சைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் பீரில் ஒரு கெட்ட வாடை ஏறும். டின்னுக்கு அந்தத் தொல்லை இல்லை, பெட்டிக்குள் உடையவும் உடையாது.

உடையாது என்றேனே தவிர, ஒழுகாது என்று சொல்லவில்லை. தானாங் நகரத்தில் வாங்கிய லாரூ ஒன்று நசுங்கி, அயித்தானின் பட்டுக்கரை வேட்டி மொத்தமும் மணக்க மணக்கத் திருச்சி வந்து சேர்ந்தது. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. வீட்டில் சொன்னார்கள்.

லாரூ பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. 1909 என்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். விக்டர் லாரூ என்ற பிரெஞ்சுக்காரர் பெயர், புலி முகம் சின்னம். இப்போது காய்ச்சுவது ஹைனெகன். 4.2 சதவீதம். தானாங் கடற்கரையில் மீனோடு பரவாயில்லை. கையில் தூக்கிக்கொண்டு கடல் தாண்டும் பொருள் இல்லை.

ஹூயே நகரத்தின் ஹுடா வேறு கதை. பெயரைப் பிரித்தால் ‘ஹூ’ என்பது ஊர், ‘டா’ என்பது டென்மார்க்குக்கு அவர்கள் சொல்லும் பெயரின் முதல் எழுத்துகள். 1990இல் டேனிஷ் உதவியோடு ஆரம்பித்தது, பிறகு கார்ல்ஸ்பெர்க் முழுசாக வாங்கிக்கொண்டது. 4.7 சதவீதம். ஹூயே பழைய ராஜாக்களின் தலைநகரம், சமையலில் காரத்துக்குப் பேர்போனது. காரம் சாப்பிடுகிற ஊரில் காய்ச்சிய பீர் நம் காரத்துக்கும் ஒத்துவரும் என்று நான் அங்கேயே ஊகித்தேன். சித்தப்பா மகன் சிரித்தான். அவன் சிரிப்புக்குத் தோப்பில் பதில் கிடைத்தது.

கடைசியாக ஹனோய். 1890இல் ஹொம்மெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த ஆலை. நாங்கள் போனபோது அங்கே தூறல், குளிர். காலையில் ஃபோ (நூடுல்ஸ் சூப்) கடையில் ஆவி பறக்கும் கிண்ணத்தைக் குனிந்து முகர்ந்தால் எங்கள் வீட்டு அடுப்படி வாசம்: அன்னாசிப்பூவும் பட்டையும். அன்னாசிப்பூ அங்கே வடக்கு மலைப்பக்கம் விளைகிறது. நாம் கறிமசாலாவில் வறுத்து அரைப்பதை அவர்கள் எலும்புச் சாற்றில் கொதிக்கவிடுகிறார்கள். சாயங்காலம் ‘பியா ஹோய்’. அன்றன்றைக்குப் பீப்பாயில் வந்து அன்றன்றைக்கே தீர்ந்துபோகும் பீர். சூடுபடுத்திப் பதப்படுத்தாதது, மூன்று நாலு சதவீதம்தான். பச்சையோடிய, உள்ளே குமிழி தெரியும் தடித்த கண்ணாடித் தம்ளரில் தருகிறார்கள். பதநீர் குடித்து வளர்ந்தவனுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்: இறக்கிய இடத்தில், இறக்கிய நேரத்தில். வியட்நாமில் குடித்ததில் எது சிறந்தது என்று மட்டும் கேட்டால் என் பதில் பியா ஹோய்தான். கொண்டுவர வழியில்லாததால் போட்டியில் அதற்கு இடமில்லை. கொண்டுவந்தது டின்னில் வரும் ஹனோய் பீர்.

இனி தோப்பு. வளவுக்குள் (எங்கள் குடும்ப வீட்டுக்குள்) இதெல்லாம் நடவாது என்பதை விளக்கத் தேவையில்லை. தோப்பில் குளிர்ப்பெட்டி இல்லை. காரைக்குடியிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி உடைத்து, தெர்மோகோல் பெட்டியில் இருபத்துமூன்று டின்னையும் புதைத்து வைத்தோம். தோட்டக்காரர் குடிப்பதில்லை, ஆகவே அவர்தான் நடுவர். பம்புசெட் அறைக்குள் போய் ஊற்றி, டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்களில் சாக்பீஸால் ஒன்று முதல் ஐந்து வரை எழுதிக் கொண்டுவந்து வைத்தார். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். எவர்சில்வர் தம்ளர் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நிறமும் நுரையும் தெரியாது, உதட்டில் உலோக வாடையும் சேரும்.

ஐஸ் போடலாமா என்று பேச்சு வந்தது. “ருசி பாக்கணும்னா தண்ணி கலக்கக் கூடாது, அண்ணே” என்றான் சித்தப்பா மகன். நியாயமாகப் பட்டது. குளிர வைத்தோம், ஐஸ் போடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று வெறும் வாயோடு. நாலு பேரில் மூன்று பேர் சைகோன் ஸ்பெஷலை முதலில் வைத்தோம். வறுத்த தானிய வாசம், நடுவில் இலேசான இனிப்பு, கசப்பு பின்னால் வந்து மரியாதையாகப் போகிறது. நுரையும் மற்றவற்றைவிடக் கொஞ்ச நேரம் நின்றது. ரெண்டாவது ஹனோய்: கசப்பு கூர்மை, பச்சைத் தானிய மணம். அயித்தான் மட்டும் இதை முதலில் வைத்தார். அவர் பாகற்காய்ப் பிட்டலையை விரும்பிச் சாப்பிடுகிறவர், கணக்கில் எடுத்துக்கொள்ளவும். மூன்றாவது ஹுடா. நாலாவதாக வந்த தம்ளரைச் சித்தப்பா மகன் “இது அந்தப் புலி மூஞ்சிதான், சந்தேகமே இல்ல” என்று தள்ளினான். அது 333. சைகோன் நடைபாதையில் சத்தியம் செய்ய இருந்தோமே, அதே பீர். பல்லில் பட்டதும் ஒரு தகரக் கசப்பு, பிறகு ஒன்றுமில்லை. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் லாரூ, அதில் கருத்து வேறுபாடு இல்லை.

ரெண்டாம் சுற்று சாப்பாட்டோடு. நமக்கு உண்மையில் வேண்டியது இதுதான், ஏனென்றால் யாரும் வீட்டில் உட்கார்ந்து வெறும் பீரை ஆராய்ச்சி செய்யப்போவதில்லை. தோட்டக்காரர் மனைவி செய்த கோழி உப்புக்கறி, ஊரிலிருந்து வந்த ஆட்டுச் சுக்கா, டின்னில் தேன்குழல். ஒரு விஷயம் முதலில். மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது. பீரில் இருக்கும் வாயு வேறு நாக்கைக் குத்தும். எனவே காரத்தைப் பீர் ‘அணைக்கும்’ என்பது பொய், பல நேரம் விசிறிவிடும். காரத்துக்குத் துணை நிற்பது மால்ட்டின் இனிப்பு. கசப்பு அதிகமானால் காரமும் கசப்பும் சேர்ந்து வாயில் பாகப்பிரிவினை நடத்தும்.

அதுதான் நடந்தது. வரமிளகாயைக் கிள்ளிப் போட்ட உப்புக்கறிக்கு முன் ஹனோய் தோற்றது. இரண்டாவது வாயிலேயே அயித்தானுக்குப் புரை ஏறிவிட்டது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. ஹுடா அங்கே ஜெயித்தது. தனியாகக் குடித்தபோது மெலிந்து தெரிந்தது இப்போது வழிவிட்டு நின்றது. சின்ன வெங்காயத்தின் இனிப்பும் அதன் இனிப்பும் ஒன்றாகப் போயின. சித்தப்பா மகன் சிரிக்கவில்லை. சுக்காவுக்கு ஸ்பெஷல். மிளகும் சோம்பும் கல்பாசியும் ஏறிய கறிக்கு எதிரே நின்று பேசக்கூடிய உடம்பு அதற்கு மட்டும்தான் இருந்தது. மெலிந்த பீரெல்லாம் சுக்காவுக்குப் பிறகு சோடாவாகிவிடும். தேன்குழலுக்கு ஹனோய் நன்றாக இருந்தது. வெண்ணெயும் எள்ளும் கசப்பைக் கட்டிப்போட்டன. அயித்தானுக்கு அந்த ஒரு வெற்றி போதுமாக இருந்தது, தேன்குழல் டின்னைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

இடையில் ஒரு பஞ்சாயத்து. தோட்டக்காரர் மனைவி காலி டின் ஒன்றை எடுத்துப்போய், தன் உழக்கில் தண்ணீர் மொண்டு அதில் ஊற்றிப் பார்த்தார். விளிம்புவரை சரியாக வந்தது. உழக்கு 336 மில்லி என்பது பழைய கணக்கு, டின் 330. பிரெஞ்சுக்காரன் 33 சென்டிலிட்டர் என்று பெயர் வைத்ததை நம் ஆட்கள் உழக்கு என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். “ஒரு ஆளு ஒரு வேளைக்கு ஒரு உழக்குக் குடிச்சாப் பத்தாதா?” என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. ராத்திரி எல்லோரும் தோப்பிலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்தோம். வண்டியை யாரும் தொடவில்லை.

இனி முடிவு. தெற்கே மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு யோசனையே வேண்டாம்: சைகோன் ஸ்பெஷல் ஐந்து, 333 ஒன்று. ஹூயே வரை போகிறவர்கள் ஸ்பெஷல் மூன்று, ஹுடா இரண்டு, 333 ஒன்று. என் சொந்தத் தேர்வு இதுதான். ஹுடாவை அந்தப் பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள், சைகோன் கடைகளில் எங்கள் கண்ணில் படவில்லை. கசப்புப் பிரியர்கள், அயித்தான் வகையறா, ஹுடா இடத்தில் ஹனோய் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கூடவே தேன்குழலும் சொல்லிவைக்கவும். லாரூ வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் எந்த டின்னும் நம் பணத்தில் ஐம்பது ரூபாய் சுற்றித்தான், அதனால் விலையை வைத்துத் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். பெரிய பெட்டியில், வேட்டிக்குள் சுற்றி, பெட்டியின் நடுவில் வைக்கவும். நல்ல வேட்டி வேண்டாம்.

நாலாவது இடம் வந்த 333ஐ எதற்கு ஒன்று வாங்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள்.

மறுநாள் காலையில் மிஞ்சிய ஒரே டின்னோடு வளவுக்கு வந்தேன். அது 333. பட்டாலையில் சாய்வு நாற்காலியில் ஐயா. கிட்டங்கி வாழ்க்கையைப் பற்றி அவர் சொல்லி நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் ஒரே பாட்டு: விடியக்காலை குளியல், கோயில், பேரேடு, ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கு அணைப்பு. டின்னை வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“இதுல ஒரு மூணு கூட இருக்கே.”

“பேரை மாத்திட்டாகய்யா. நேத்து குடிச்சுப் பாத்தோம். நல்லாயில்ல, தகரக் கசப்பு.”

“ஐஸ் போட்டீகளா?”

“இல்லையே.”

“ஐஸ் கட்டி மேல ஊத்தாமக் குடிச்சா அது கசக்கத்தானய்யா செய்யும்” என்றார், டின்னைத் திருப்பித் தந்தபடி.

இரண்டாம் கட்டிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது.

“கிட்டங்கியில ஏது ஐஸு?”